வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

கிள்ளான்
11 மார்ச் 2024

அமுதா,

பேனா பிடித்து எழுதி எத்தனையோ வருடமாகிறது. தொண்டையில் குழாய் சொருகியிருக்கிறார்கள். வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை, குழாய் வழியாக விசில்தான் வருகிறது. போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். நர்ஸிடம் காகிதம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். லோகேஸ்வரி அக்கா செராஸிலிருந்து வந்தால் கொடுத்தனுப்புவேன். நீ எங்கே இருக்கிறாய் என்று அவளுக்குத் தெரியும். கூடப் பிறந்த தம்பியிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

கழுத்தில் நாற்பது தையலுக்கு மேல். இடது கன்னம் கடைவாய் வரை கிழிந்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல் இல்லை. கடைப் பையன் இர்ஃபான் இரும்புக் குழாயால் நாய் கிங்கின் மண்டையில் அடித்தானாம். செத்த பிறகும் அது வாயை விடவில்லையாம். கடப்பாரையை வைத்து நெம்பித்தான் என்னை எடுத்தார்களாம். அந்த நேரம் நீ எங்கே இருந்தாய்? பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றாய். எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. நீ நின்றாய், வரவில்லை. ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டுமுன் பெட்டியைக் கட்டிவிட்டாய் என்று இர்ஃபான் சொன்னான்.

இங்கே படுத்துக்கொண்டு ஒரே விஷயத்தைத்தான் யோசிக்கிறேன். அந்த வெள்ளைக் கோடு நான் போட்டது. நாயைக் கட்டிய கம்பத்திலிருந்து சுற்றிலும் மூன்று மீட்டர். நாய் எவ்வளவு பாய்ந்தாலும் மூக்கு கோட்டோடு நின்றுவிடும். நாலு வருடமாக எத்தனை பேரை அந்தக் கோட்டில் நிற்க வைத்திருக்கிறேன். ஒருத்தனுக்காவது ஒரு கீறல் விழுந்ததா? நான் கோட்டுக்கு வெளியே மூன்று முழம் தள்ளித்தான் நின்றேன். அங்கே எப்படி அது என் தொண்டைக்கு வந்தது?

யாரோ சங்கிலியை மாற்றியிருக்கிறார்கள். நம் பழைய இரும்புக் கடையில் சங்கிலிக்கா பஞ்சம். என் மேல் கோபம் உள்ளவள் அந்த வளாகத்திலேயே ஒருத்திதான். உண்மையை எழுதி அனுப்பு. அப்புறம் தாமரையைக் கூட்டிக்கொண்டு வீடு வந்து சேர். வரவில்லையென்றால் நான் வருவேன். எனக்குக் கால் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜெயராஜ்

*

15 மார்ச் 2024

தாமரையின் அப்பாவுக்கு,

இடத்தின் பெயரை எழுதவில்லை. தேட வேண்டாம்.

சங்கிலியை யாரும் மாற்றவில்லை. அது நீங்கள் துறைமுகத்திலிருந்து வந்த குவியலில் கைக்கு வந்தபடி வெட்டி எடுத்த அதே சங்கிலிதான். வெட்டும்போது எவ்வளவு நீளம் என்று அளக்கவில்லை. கம்பம் என்று சொல்கிறீர்களே, அது பழைய தண்ணீர்க் குழாய். தரையில் சிமெண்டு போட்டு நட்டீர்கள். சங்கிலியின் முனையை அதில் வெல்டிங் வைத்தீர்கள். வளையம் மாட்டி, அது சுழலும்படி விடுங்கள் என்று இர்ஃபான் கேட்டதற்கு, "எனக்குப் பாடம் எடுக்கிறியாடா" என்று அவன் தலையில் ஒரு தட்டு தட்டினீர்கள். வளையம் இருந்திருந்தால் இன்றைக்கு உங்கள் தொண்டை தொண்டையாக இருந்திருக்கும்.

வெல்டிங் வைத்த சங்கிலி என்ன செய்யும்? நாய் ஒரு சுற்று சுற்றினால் அதுவும் குழாயை ஒரு சுற்று சுற்றிக்கொள்ளும். கிங் வந்த முதல் வாரம் பைத்தியம் பிடித்த மாதிரி ஒரே பக்கமாகச் சுற்றியது. குழாயின் அடியில் அது படுக்கப் பழைய லோரி டயர் ஒன்றைப் போட்டிருந்தீர்களே, அந்த டயருக்குள் சங்கிலி சுற்றிக்கொண்டு கிடந்தது உங்கள் கண்ணில் படவில்லை.

கோடு போட்ட நாள் உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. கிங்கைக் கூண்டில் அடைத்துவிட்டு, சங்கிலி நுனியை இர்ஃபான் கையில் கொடுத்து, இழுத்துப் பிடித்துக்கொண்டு பெயிண்ட் டின்னோடு சுற்றி வரச் சொன்னீர்கள். வந்தான். தொடங்கிய இடத்தில் போய் முடிய வேண்டிய கோடு முடியவில்லை. ஒன்றரை முழம் உள்ளே தள்ளி வந்து நின்றது. நீங்கள் அவன் கோணலாக நடந்தான் என்று திட்டி, வெளியே இருந்ததை அழிக்கச் சொல்லி, உள்ளே வந்த இடத்தை அளவாக வைத்து, நூல் கட்டி மூன்று மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டீர்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நான் தையல்காரி. அம்பிரெல்லா பாவாடை வெட்டுகிறவளுக்கு வட்டம் என்பது சோற்றுக்கு வழி. இடுப்பின் சுற்றளவை ஆறேகாலால் வகுத்தால் ஆரம் வந்துவிடும், அந்த ஆரத்தில் துணியைக் கத்தரிக்க வேண்டும். சேலையை இடுப்பில் ஒரு சுற்று சுற்றினால் இடுப்பளவு துணி அதிலேயே போய்விடும், மீதிதான் கொசுவத்துக்கு. குழாயும் அப்படித்தான் சங்கிலியைத் தின்றுகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதனால் உங்களிடம் வந்து, "இந்தக் குழாய் விட்டம் இருபத்தொரு சென்டிமீட்டர், ஒரு சுத்துக்கு அறுபத்தாறு உள்ளே போகுது, சுத்து அவுந்தா நாய் வெளியே வந்துரும், சங்கிலியை முழுசா அவுத்துட்டு அளங்க" என்று சொன்னேன். லோரிக்காரர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று என் இடது காதில் அடித்தீர்கள். அந்தக் காதில் அதற்குப் பிறகு எதுவும் கேட்பதில்லை. வலது பக்கம் வந்து நின்று பேசுங்கள் என்று இன்றும் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதமே குழாய்க்கு இடது பக்கம் பழைய இஞ்சின்களைக் கொண்டுவந்து குவித்தீர்கள். அந்தக் குவியல் அணை மாதிரி நின்றதால் கிங்கால் முழுச் சுற்று போக முடியவில்லை. போன வழியே திரும்ப வந்தது. உள்ளே மூன்று சுற்று அப்படியே நின்றுவிட்டது. உங்கள் கோடு நாலு வருடம் காப்பாற்றப்பட்டது அந்தக் குவியலால், உங்கள் அளவால் அல்ல.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். இரண்டு நாளுக்கு முன்பு இஞ்சின் குவியலை மொத்தமாக விற்று லோரியில் ஏற்றி அனுப்பினீர்கள். தாமரை கணக்கில் ஃபெயில் ஆன தாளோடு வந்தாள். அதில் வட்டப் பாடம் முழுக்கச் சிவப்பு. "வட்டம் தெரியாதா உனக்கு? வா, வட்டத்துல நின்னு கத்துக்க" என்று அவளை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கோட்டில் நிறுத்தினீர்கள். நாய்க்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், அழக்கூடாது, அசையக்கூடாது. வேலைக்குத் தாமதமாக வருகிறவனுக்குக் கொடுக்கிற தண்டனையைப் பதினாலு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தீர்கள். வந்திருந்த வியாபாரிகள் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அது போதாது உங்களுக்கு. கையில் பிரம்பை எடுத்துக்கொண்டு கோட்டைச் சுற்றி நடக்கத் தொடங்கினீர்கள். பிரம்பைக் கோட்டுக்குள் நீட்டி நாயின் மூக்கில் அடிப்பதும், "விட்டம் என்ன, சொல்லு" என்று பிள்ளையைக் கேட்பதும், மறுபடி அடிப்பதுமாக. குவியல் இல்லை, வழி திறந்து கிடந்தது. நீங்கள் போன பக்கமெல்லாம் கிங் உள்ளே கூடவே வந்தது. நீங்கள் சுற்றிய பக்கம், சங்கிலி அவிழும் பக்கம்.

ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு அறுபத்தாறு சென்டிமீட்டரை நீங்களே உங்கள் காலால் நடந்து கொடுத்தீர்கள். மூன்று சுற்று நடந்தீர்கள். சங்கிலியைத் தொட்டது யார் என்று கேட்டீர்களே, பதில் இதுதான்.

அமுதவள்ளி

*

கிள்ளான்
20 மார்ச் 2024

அமுதா,

உன் கடிதத்தைப் படித்து நர்ஸ் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். பிறகு இர்ஃபானை வரச் சொல்லி, கடைக்குப் போய் அளந்து வா என்றேன். எழுதித்தான் காட்டினேன். குழாய் விட்டம் இருபத்தொன்று. சங்கிலியை நேராக்கிப் பிடித்தால் நாய் கழுத்தோடு சேர்த்து ஐந்து மீட்டருக்கு ஒரு விரற்கடை குறைவு. இதைச் சொல்லும்போது அந்தப் பயல் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மனதுக்குள் சிரித்தானா என்று எனக்கு இன்னும் சந்தேகம். ரெண்டு விரல் இல்லாத கையால் அவனை என்ன செய்வது?

சரி, கணக்கு சரியாகவே இருக்கட்டும். அப்படியானால் உனக்குத் தெரிந்திருக்கிறது. முதல் சுற்று நடந்தபோது தெரியும், இரண்டாவது சுற்றிலும் தெரியும். நான் நடக்க நடக்க நாய் நீண்டுகொண்டே வருகிறது என்று தெரிந்து, வாயை மூடிக்கொண்டு நின்றாய். ஒரு சத்தம். "என்னங்க" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் திரும்பியிருப்பேன். பதினாறு வருடம் என் சோற்றைத் தின்றவள் நீ.

நீ போடாத சத்தத்தின் விலையைக் கேட்டுக்கொள். சோறு இறங்குவதில்லை, மூக்கு வழியாகக் கஞ்சி ஊற்றுகிறார்கள். நேற்று அடுத்த கட்டிலுக்கு வந்த சின்னப் பிள்ளை என் முகத்தைப் பார்த்து அலறிவிட்டது. கண்ணை மூடினால் நாய் வாயின் நாற்றம்தான் வருகிறது. அது என் மேல் ஏறி நின்றபோது அந்த வியாபாரிகள் இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே ஓடிவிட்டார்கள். நின்று பார்த்தது நீ மட்டும்தான்.

போலீஸில் சொல்லப் போகிறேன். பெண்டாட்டி கொலை செய்யப் பார்த்தாள் என்று சொல்வேன். வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவள் வாயிலிருந்து உன் இடத்தை எப்படி வாங்குவது என்று எனக்குத் தெரியும். தாமரை என் ரத்தம், அதையும் நினைவில் வைத்துக்கொள்.

ஜெயராஜ்

*

2 ஏப்ரல் 2024

தாமரையின் அப்பாவுக்கு,

இதைத் தபாலில் கடைக்கே அனுப்புகிறேன். லோகேஸ்வரி அக்காவால் இனி எதையும் தூக்கிக்கொண்டு வர முடியாது. முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். உங்களைவிட ஒன்பது வயது மூத்தவர், உங்களை இடுப்பில் வைத்துச் சோறூட்டியவர். அந்தக் கையைக் கதவு இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினீர்களாம். மூன்று முறை சாத்தினீர்களாம். அப்படியும் அவர் இடத்தைச் சொல்லவில்லை. எனக்குப் போனில் அவர் சொன்னது ஒன்றுதான், "நீ வேலைக்குப் போ, இதையெல்லாம் மனசுல வச்சுக்காத." அன்று முழுவதும் எனக்கு நூல் கோக்க வரவில்லை.

போலீஸுக்கு நீங்கள் போவதற்கு முன்னால் நானே போய்விட்டேன். அக்காவும் கட்டுப் போட்ட கையோடு வந்து தன் பங்குக்கு ரிப்போர்ட் கொடுத்தார். விசாரணை அதிகாரி பொறுமையானவர். அவருக்குக் குழாய், சங்கிலி, வட்டம் எல்லாம் காகிதத்தில் வரைந்து காட்டினேன். மூன்று மீட்டர் ஆரத்தில் நாய்க்கு இருபத்தெட்டு சதுர மீட்டர் தரை. ஐந்து மீட்டரானால் எழுபத்தெட்டரை. ஆரத்தில் இரண்டு மீட்டர்தானே என்று ஆட்கள் நினைப்பார்கள், பரப்பளவு மூன்று மடங்குக்குக் கிட்டே போய்விடும். அவர் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கோட்டில் நிறுத்தியது யார் என்று கேட்டார். சொன்னேன்.

ஏன் கத்தவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை, எழுதுகிறேன். நீங்கள் முதல் சுற்றை முடித்தபோது நாயின் மூக்கு கோட்டைத் தாண்டியது. நீங்கள் பிரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் தாமரையின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் உங்களைத் துரத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போன நேரம் பார்த்து ஓடினேன். கத்தினால் நீங்கள் திரும்புவீர்கள். திரும்பினால் என்னைத் தடுப்பீர்கள், பிள்ளையை மறுபடி கோட்டுக்கே தள்ளுவீர்கள். போன வருடமும் அவளைக் கோட்டில் நிறுத்தி, நான் தூக்கப் போனபோது அதைத்தான் செய்தீர்கள். அதனால் சத்தமில்லாமல் பிள்ளையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அப்போது நீங்கள் மூன்றாவது சுற்றில் இருந்தீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது, உண்மைதான். அந்த வார்த்தையை நாலு வருடம் முன்பே சொல்லிவிட்டேன். அதற்குக் கூலியாக ஒரு காதைக் கொடுத்தேன். இன்னொரு காது மட்டும்தான் மிச்சம் இருக்கிறது, அது எனக்கு வேண்டும்.

நாயின் வட்டத்தை அளந்தது போல உங்கள் வட்டத்தையும் நான் அளந்து வைத்திருந்தேன். வெறும் கை என்றால் ஒரு கை தூரம். சமையலறையில் உங்களுக்கும் எனக்கும் நடுவே அடுப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். பெல்ட்டை உருவினால் இன்னொரு மீட்டர் சேர்ந்துகொள்ளும், கூடத்தின் மூலைக்குப் போய்விடுவேன். பிரம்பு என்றால் மூலையும் போதாது. அந்த வீட்டில் உங்கள் கை எட்டாத தரை கழிவறையில் மட்டும்தான் இருந்தது. தாமரை தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்துதான் பாடம் படிப்பாள். கணக்கில் ஏன் ஃபெயில் என்று நீங்கள் கேட்டதற்கு அவள் வாயால் சொல்லாத பதில் இது.

இங்கே மேசையில் உட்கார்ந்து படிக்கிறாள். தூக்கத்தில் இன்னும் முதுகைத் திருப்பிக்கொண்டு விறைத்துப் போகிறாள். கூப்பிட்டு எழுப்பினால், "அசையலப்பா" என்கிறாள். உங்கள் மேல் எனக்கு இருக்கிற வெறுப்புக்கு இந்த ஒரு வார்த்தை போதும்.

அமுதவள்ளி

*

கிள்ளான்
24 ஏப்ரல் 2024

அமுதா,

இதை இர்ஃபான் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பான். எப்படித் தெரிந்தது என்று யோசிக்காதே, நீ அனுப்பிய தபாலின் முத்திரையைப் பிடித்துத் தையல் கடைகளாகத் தேடினேன். பிரிக்பீல்ட்ஸில், பூக்கடைகளைத் தாண்டி, மாடியேறிப் போகிற தையல் கடை. ஜன்னல் ஓரத்தில் மூன்றாவது மெஷின். நேற்று எதிர்ப்பக்கம் காரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் உன்னைப் பார்த்தேன். கருநீலத் துணி வெட்டிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் ஒருத்தி ஏதோ சொல்ல, நீ சிரித்தாய். நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நல்ல மாதிரி எழுத வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தேன். அக்கா விஷயத்தில் நான் செய்தது தப்பு. போலீஸ் ஜாமீனில் வந்திருக்கிறேன். அக்கா என் மெசேஜைப் படிக்கிறாள், பதில் போடுவதில்லை.

கடையில் ஆட்கள் என்னிடம் வருவதில்லை, இர்ஃபானிடம்தான் விலை கேட்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் விசில் வருகிறது, அவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குனிந்து சிரிக்கிறார்கள், எனக்குத் தெரியாதா. முன்பெல்லாம் நான் இருமினாலே வேலை நடக்கும். போன வாரம் ஒருத்தன் எழுந்திருக்காமல் உட்கார்ந்தபடியே எனக்குப் பதில் சொன்னான். ஸ்பேனரை எடுத்து எறிந்தேன், அவன் முன்பல் போனது. அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினேன்.

புது நாய் வாங்கிவிட்டேன். அதே ஜாதி, குட்டி இல்லை, வளர்ந்தது. அதே குழாய், அதே சங்கிலிதான். ஆனால் கிட்டே போக முடியவில்லை. சோற்றுத் தட்டை இர்ஃபான்தான் தள்ளிவிடுகிறான். இதை உன்னிடம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடம் எழுதுவது?

தாமரையை ஒரு தடவை பார்க்க வேண்டும். அவள் என்னை "அப்பா" என்று கூப்பிட வேண்டும். கோட்டில் நிற்க வைத்தது அவளைக் கொல்வதற்கு இல்லை, பயம் இருந்தால்தான் பிள்ளை உருப்படும் என்றுதான். என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கடை பாதி நாள் என்று தெரியும், பிள்ளையும் உன்னோடு வருவாள். ஒழுங்காகப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தால் ஒன்றும் நடக்காது. இல்லையென்றால் நடக்கிறதற்கு நான் பொறுப்பில்லை. எனக்கு இனி இழக்க ஒன்றும் பாக்கியில்லை, அமுதா.

ஜெயராஜ்

*

பிரிக்பீல்ட்ஸ்
20 மே 2024

ஜெயராஜ்,

பதினாறு வருடம் இந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. தாமரையின் அப்பா என்பேன், இல்லாவிட்டால் அவங்க என்பேன். போன வாரம் கோர்ட்டில் நின்று உன் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொண்டது, இரண்டாம் தடவை சுலபமாக வந்தது. இனி உன்னை நீங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இர்ஃபான் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "அக்கா, ஞாயிறு இங்க இருக்காதீங்க" என்று கெஞ்சினான். அதற்குப் பிறகு அவன் உன்னிடம் வேலைக்குத் திரும்பவில்லை. நான் கடிதத்தைக் கொண்டுபோய்ப் போலீஸில் கொடுத்தேன். ஞாயிறு ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அதை நம்பித் தாமரையோடு கடைக்கு வந்தேன், அவர்கள் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. நீ ஒன்பதரைக்கே வந்துவிட்டாய்.

என் இடது பக்கமாக வந்தாய். அது வேண்டுமென்றே செய்ததா, படிக்கட்டு அந்தப் பக்கம் இருந்ததாலா என்று தெரியவில்லை. தொண்டை போனதால் நீ கத்திக்கொண்டு வரவில்லை, காது போனதால் உன் காலடி எனக்குக் கேட்கவில்லை. இரண்டும் உன்னால் வந்தவை. நான் குனிந்து ஒரு பாவாடைக்கு ஆரம் குறித்துக்கொண்டிருந்தேன்.

தாமரை கத்தினாள். அன்று நான் போடாத சத்தத்தை உன் மகள் போட்டாள். "அம்மா, குனி" என்றாள். குனிந்தேன். நீ ஓங்கிய பாராங் கத்தி தையல் மெஷின் தலையில் இறங்கி ஊசியோடு இரும்பு தெறித்தது. அடுத்த வெட்டு என் இடது உள்ளங்கையில் விழுந்தது, மூன்றாவது மேசையில் கிடந்த துணியில். கருநீலத் துணி முழுக்க ரத்தம் ஊறி, எது ரத்தம் எது துணி என்று தெரியவில்லை. பெரிய கத்தரிக்கோல் என் வலது கையில் இருந்தது. அதை உன் தொடையில் குத்தியபோது எனக்குப் பயமும் இல்லை, இரக்கமும் இல்லை. குத்தினேன், இழுத்தேன், மறுபடி குத்தினேன். நீ விழுந்தாய். உன் குழாயிலிருந்து விசில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கீழேயிருந்து பூக்கடைக்காரர்கள் ஏறி வந்து உன் கையை மிதித்துப் பாராங்கைப் பிடுங்கினார்கள். ஒருவர் உன் தலையில் பூச்சட்டியால் அடித்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நரம்பு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். இரண்டு விரல் மடங்காது. உனக்கு இரண்டு, எனக்கு இரண்டு. துணியை அழுத்திப் பிடிக்க மீதி மூன்று போதும், பழகிக்கொண்டேன்.

உன்னை மறுபடி ஜாமீனில் விட மாட்டார்கள் என்று வக்கீல் சொல்கிறார். ஆனாலும் கோர்ட் ஒரு உத்தரவு போட்டிருக்கிறது, வெளியே வந்தால் அது உன்னைப் பிடித்துக்கொள்ளும். என்னையும் தாமரையையும் ஐம்பது மீட்டருக்குள் நீ நெருங்கக்கூடாது. கடிதம் எழுதக்கூடாது, ஆள் விடக்கூடாது. அந்த உத்தரவு உனக்குத்தான், எனக்கில்லை. அதனால் கடைசியாக ஒன்று எழுதி, லோகேஸ்வரி அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் கட்டுப் பிரித்துவிட்டார். கை முழுதாக மடங்கவில்லை, இருந்தாலும் இதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்கிறார். கம்பிக்கு அந்தப் பக்கம் நீ நிற்பதைப் பார்க்க வேண்டுமாம்.

உத்தரவைப் படித்துக் காட்டியதும் தாமரை பென்சிலை எடுத்தாள். யாரும் சொல்லவில்லை. ஆரம் ஐம்பது, விட்டம் நூறு. சுற்றளவு முந்நூற்றுப் பதினாலு மீட்டர். பரப்பளவு ஏழாயிரத்து எண்ணூற்று ஐம்பது சதுர மீட்டர். எல்லாம் சரி. சரி பார்க்கிற சாக்கில் அவள் தாளை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன். "இவ்வளவு இடமும் நமக்காம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுப் படித்த பிள்ளைக்கு ஏழாயிரத்து எண்ணூற்று ஐம்பது சதுர மீட்டர் கிடைத்திருக்கிறது.

அன்றிரவு அவள் முதுகைத் திருப்பவில்லை. மல்லாந்து, கையைக் காலை விரித்துப்போட்டுத் தூங்கினாள். பாயில் எனக்கு இடம் இல்லாமல் நான் தரையில் படுத்தேன்.

உனக்கு வட்டம் என்றால் நடுவில் ஒரு குழாய், அதில் ஒரு சங்கிலி, ஓரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்க ஒரு ஆள். இந்த வட்டத்தின் நடுவில் நான் இருக்கிறேன். நான் ரயில் ஏறினால் இதுவும் ஏறும், சந்தைக்குப் போனால் கூடவே வரும். என்றைக்காவது வெளியே வந்தால் இதன் ஓரத்தில் நின்று பார். சுற்றி நட. பிரம்பை எடுத்துக்கொண்டு மூன்று சுற்று என்ன, முப்பது சுற்று நட.

இதில் அவிழ்வதற்கு ஒன்றும் இல்லை. கோடு போடுவதற்கு முன்னால் நான் முழுவதையும் அவிழ்த்துவிட்டுத்தான் அளந்தேன்.

அமுதவள்ளி